எச்2எஸ் திரையில் தெரிந்தது ஊரா, சேறா?

கேள்வி, 2 மார்ச்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களுக்கு எச்2எஸ் ரேடார் வந்த பிறகு இருட்டும் மேகமும் ஒரு பொருட்டே இல்லை. கீழே இருக்கும் ஊர் அப்படியே திரையில் தெரியும். அதற்கு முன்பு இருந்த கீ, ஓபோ எல்லாம் தரையிலிருந்து வரும் ரேடியோ சிக்னலை நம்பிய பழைய ஏற்பாடுகள். 1943-க்குப் பிறகும் குண்டுகள் குறி தப்பின என்றால் அதற்குக் காரணம் விமானிகளின் பயம்தான். சரிதானே?

2 மார்ச், இரவு

இல்லை. முதலில் தேதியைச் சரிசெய்துவிடுவோம். ஓபோ முதன்முதலில் சண்டைக்குப் போனது 1942 டிசம்பர் 20 இரவு, நெதர்லாந்தின் லுட்டராடே மின்நிலையத்தின் மேல். எச்2எஸ் போனது 1943 ஜனவரி 30 இரவு, ஹாம்பர்க் மேல். நடுவே ஆறு வாரம்கூட முழுதாக இல்லை. கீ மட்டும்தான் மூத்தது, 1942 மார்ச்சில் வந்தது.

"ஊர் அப்படியே தெரியும்" என்பதற்கும் பயம் என்பதற்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

3 மார்ச்

நான் சரக்குக் கப்பலில் டெக் ஆபீசராக இருந்தவன். விமான ரேடாரைத் தொட்டதில்லை. ஆனால் எச்2எஸ் வேலை செய்த அதே 10 சென்டிமீட்டர் அலையும், பின்னால் வந்த 3 சென்டிமீட்டர் அலையும்தான் இன்றைக்கும் கப்பல் ரேடாரில் ஓடுகின்றன. வட்டத் திரை, நடுவிலிருந்து சுற்றும் கோடு, எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெய்ன் குமிழ், எல்லாம் அந்தக் குடும்பம்தான். அதனால் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

ரேடார் திரையில் ஊர் தெரியாது. எதிரொலி தெரியும். தண்ணீர் மேல் சாய்வாகப் படும் அலை கண்ணாடியில் பட்டதுபோல முன்னோக்கித் தெறித்துப் போய்விடும், திரும்பி வராது. அதனால் கடலும் ஆறும் ஏரியும் கறுப்பு. வயல்வெளி கொஞ்சம் திருப்பி அனுப்பும், மங்கல். சுவரும் தெருவும் செங்குத்தாகச் சேரும் ஊர் நிறையத் திருப்பி அனுப்பும், வெளிச்சம். அவ்வளவுதான் படம். அந்த வெளிச்சத் திட்டு எந்த ஊர் என்று திரை சொல்லாது. அதை மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் தீர்மானிக்க வேண்டும்.

கெய்ன் குமிழை ஏற்றினால் நிலம் முழுக்க வெள்ளை. இறக்கினால் ஊரின் ஓரம் கரைந்து, நடுப்பகுதி மட்டும் நிற்கும். எந்த அளவில் நிறுத்தினால் ஊரின் உண்மையான உருவம் வரும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது, கைதான் பழக வேண்டும். கப்பலில் பகலில், சூடான டீயோடு, பிரிட்ஜில் நின்றே இது சுலபமில்லை. 1943-ல் அந்த நேவிகேட்டர் 18,000 அடி உயரத்தில், ஆக்சிஜன் முகமூடியோடு, குளிரில், கீழேயிருந்து சுடும்போது செய்தான்.

விமானத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு, கப்பலுக்கு இல்லாதது. முதல் எதிரொலி நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து வரும். அதனால் திரையின் நடுவில் விமானத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு ஆரத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். குறியை நெருங்க நெருங்க, எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடம் அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கிப்போகும். குண்டு போடும் நேரத்தில்தான் படம் மோசமாகும்.

3 மார்ச், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு ஒன்று. தாழ்வான கரையை ரேடார் ஒழுங்காகக் காட்டாது. ஹாலந்துக் கரையை நெருங்கும்போது மணல் ஓரம் திரைக்கு வருவதற்கு முன்பே உள்ளே இருக்கும் கட்டடங்களும் கிரேன்களும் வந்துவிடும். புதிதாகக் காவல் வேலை (வாட்ச்) எடுக்கும் பையன் அதையே கரை என்று எண்ணித் தூரத்தைக் குறித்துவிடுவான். வரைபடத்தில் இருக்கும் கோடும் திரையில் இருக்கும் கோடும் ஒன்று என்று நம்புவதுதான் முதல் தப்பு.

5 மார்ச்

இப்போது வேடல். எச்2எஸ் பற்றிப் பேசும் யாரும் இந்த ஊரைத் தாண்டிப் போகக்கூடாது.

1943 மார்ச் 3 இரவு. நானூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஹாம்பர்க்குக்குக் கிளம்பின. முன்னால் போய்க் குறியை விளக்குப் போட்டுக் காட்டும் பாத்ஃபைண்டர் விமானங்களில் எச்2எஸ் இருந்தது. ஹாம்பர்க் இந்தக் கருவிக்கென்றே அளவெடுத்த ஊர் என்று சொல்வார்கள். எல்பே ஆறு அகலமாக வந்து, ஊருக்குள் நுழையும்போது குறுகி, துறைமுகக் கிளைகளாகப் பிரியும். கறுப்புப் பட்டை ஒன்று ஒடுங்கி விரல்களாகப் பிரியும் இடத்தில் போட வேண்டியதுதான்.

ஆனால் அன்றிரவு ஆறு வற்றியிருந்தது. எல்பேயில் ஏற்றவற்றம் உண்டு. நீர் இறங்கினால் இரண்டு கரையிலும் சேற்றுத் திட்டுகள் எழும்பும். சேறு நிலம்போல எதிரொலிக்கும், கறுப்புப் பட்டை ஒல்லியாகும். ஆறு எங்கே ஒடுங்குமென்று எதிர்பார்த்தார்களோ அதற்கு வெகு முன்பாகவே ஒடுங்கிவிட்டது. பாத்ஃபைண்டர்கள் அங்கே விளக்கைப் போட்டார்கள், பின்னால் வந்தவர்கள் விளக்கைப் பார்த்துக் குண்டைப் போட்டார்கள். ஹாம்பர்க் நடுப்பகுதியிலிருந்து ஆற்றோடு 13 மைல் கீழே, வேடல் என்கிற சின்ன ஊரின் மேல் பெரும்பகுதி விழுந்தது. சேறு ஏமாற்றியது என்பதுதான் போர் வரலாற்றாளர்கள் பெரும்பாலும் சொல்லும் விளக்கம். அந்த ஆற்றில் போய் வந்தவனுக்கு அதை நம்புவதில் எந்தக் கஷ்டமும் இல்லை.

நானே பார்த்திருக்கிறேன். வற்று நேரத்தில் எல்பேயில் ஏறும்போது 3 சென்டிமீட்டர் ரேடாரில் ஆறு பாதியாகிவிடும். வாய்க்கால் ஓரத்து மிதவைகள் புள்ளி புள்ளியாக நிற்கும், அதற்கு அப்பால் மேகம் போல் ஒரு மங்கல். அது கரையல்ல, சேறு. கப்பலுக்கு வழிகாட்ட ஏறிவந்த ஜெர்மன் பைலட் திரையைத் தொட்டுக் காட்டி, சில மணி நேரத்தில் இங்கே தண்ணீர் இருக்கும் என்றார். எங்களிடம் ஏற்றவற்ற அட்டவணை, மிதவைகள், பைலட், கண்ணாடிக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும் ஆறு, எல்லாம் இருந்தன. மேலே பறந்தவனிடம் திரை மட்டும்தான் இருந்தது.

6 மார்ச்

வேடல் இன்று எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அழகான ஆற்றங்கரை ஊர். அங்கே 1952-லிருந்து கப்பல்களை வரவேற்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. ஹாம்பர்க்குக்குப் போகும் கப்பல் கடக்கும்போது அந்தக் கப்பலின் நாட்டுக் கீதத்தை ஒலிபெருக்கியில் போடுவார்கள். எங்கள் கப்பலுக்கு ஜன கண மன போட்டார்கள். இன்ஜின் ரூமிலிருந்துகூட ஆட்கள் மேலே வந்து நின்றார்கள். அந்தக் கரையில் என்ன நடந்தது என்று அன்று எனக்குத் தெரியாது.

8 மார்ச்

பயம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு வருகிறேன்.

பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. பயம் இருந்திருக்கும், இல்லாமல் எப்படி? ஆனால் குறி தப்பியதற்கு அதைக் காரணமாக்குவது அநியாயம். காரணம் 1941-லேயே எழுத்தில் வந்துவிட்டது. பட் அறிக்கை என்பார்கள். விமானங்கள் குண்டு போட்டபோது எடுத்த புகைப்படங்களை வைத்து ஒருவர் கணக்குப் போட்டார். குறியைத் தாக்கினோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் குறியிலிருந்து ஐந்து மைலுக்குள் போயிருந்தது. புகையும் மூட்டமும் நிறைந்த ரூர் தொழில் பகுதியில் பத்தில் ஒன்று. அந்த ஆட்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் போனதாக உண்மையாகவே நம்பினார்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரியாமல், நட்சத்திரத்தையும் கடிகாரத்தையும் வைத்து இருட்டில் மணிக்கணக்காகப் பறந்தால் அப்படித்தான் ஆகும்.

அதற்கு மருந்தாக வந்ததுதான் கீ. ராபர்ட் டிப்பி வடிவமைத்தது. பிரிட்டனில் ஒரு தலைமை நிலையமும் துணை நிலையங்களும் துடிப்புகளை அனுப்பும். இரண்டு துடிப்புகளுக்கும் இடையே உள்ள நேர வித்தியாசத்தை விமானத்தில் இருக்கும் பெட்டி அளக்கும். அந்த வித்தியாசம் வரைபடத்தில் ஒரு வளைகோடு. இன்னொரு ஜோடியிலிருந்து இன்னொரு வளைகோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நீ இருக்கிறாய். விமானம் எதையும் அனுப்பவே வேண்டாம், கேட்டால் போதும்.

இதை 'பழைய ஏற்பாடு' என்று ஒதுக்கியது எனக்குப் பொறுக்கவில்லை. நான் வடகடலில் ஓடிய காலத்தில் டெக்கா பெட்டி இருந்தது. கீ போலத் துடிப்பை அளக்காது, தொடர் அலையின் கட்ட வித்தியாசத்தை அளக்கும். ஆனால் வரைபடத்தில் வளைகோடுகள் வெட்டும் கணக்கு அதேதான். டெக்காவே 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் கண்ணிவெடி வாரும் கப்பல்களுக்கு வழிகாட்டப் பிறந்தது. மூடுபனியில் சிவப்பு, பச்சை, ஊதா என்று டயல்களைப் படித்து, வண்ண வளைகோடு போட்ட வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து நகர்ந்திருக்கிறோம். அந்தப் புள்ளியை நம்பலாம். ரேடாரில் தெரியும் திட்டைப் பார்த்து 'இது அந்த முனையாகத்தான் இருக்கும்' என்று சொல்லும்போது வயிற்றில் வரும் சந்தேகம் அதில் இல்லை.

கீக்கும் குறை உண்டு. தூரம் போகப் போகக் கோடுகள் ஒன்றையொன்று மிகச் சாய்வாக வெட்டும், புள்ளி நீளமாக இழுபடும். 1942 ஆகஸ்டிலிருந்து ஜெர்மானியர்கள் இரைச்சல் போட்டு அழித்தார்கள். ஆனால் திரும்பி வரும்போது வடகடல் மேல் இரைச்சல் குறைந்து கீ மறுபடி உயிர் பெறும். சொந்தத் தளத்தைக் கண்டுபிடிக்க அது உதவியது. வீட்டுக்கு அருகில்தான் அது மிகத் துல்லியம்.

9 மார்ச்

எஸ்ஸன் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். க்ரூப் ஆயுத ஆலை இருந்த ஊர். 1942 மார்ச் 8 இரவு கீயோடு போனார்கள், மூட்டத்தில் க்ரூப் ஆலை தப்பித்தது. 1943 மார்ச் 5 இரவு ஓபோவோடு போனார்கள், ஆலை பெரும் அடி வாங்கியது. வேடல் தவறு நடந்து இரண்டே இரவு கழித்து.

ஓபோ எப்படி? விமானத்தில் ஒரு பதிலளிப்பான். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இரண்டு நிலையங்கள். ஒன்றிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் இருக்கும்படி விமானம் ஒரு வளைவில் பறக்க வேண்டும். உள்ளே போனால் காதில் புள்ளி ஒலி, வெளியே போனால் கோடு ஒலி, சரியாக இருந்தால் இடைவிடாத ஒலி. இரண்டாவது நிலையம் தூரத்தை அளந்துகொண்டே வந்து, போடு என்று சிக்னல் கொடுக்கும். குறி பார்ப்பது மேலே இருப்பவன் அல்ல, இங்கிலாந்தில் உட்கார்ந்திருப்பவர்கள். சில நூறு கஜத்துக்குள் விழும்.

விலை என்ன? இரண்டு நிலையமும் ஒரு நேரத்தில் ஒரே விமானத்தைத்தான் பார்க்கும். ரேடியோ அலை நேர்கோட்டில் போகும், பூமி வளைவு. 28,000 அடியில் பறக்கும் மாஸ்கிட்டோ விமானத்துக்கே சுமார் 270 மைல்தான் எட்டும். ரூர் அதற்குள். பெர்லின் அதற்கு வெகு அப்பால். 1943-44 குளிர்காலத்தில் பெர்லின் மேல் ஓபோ இல்லை, கீ இல்லை, எச்2எஸ் ஒன்றுதான். அதற்காகவே 3 சென்டிமீட்டர் செட்டுகளை 1943 நவம்பரில் அவசரமாக விமானத்தில் ஏற்றினார்கள். பெர்லின் அவ்வளவு பெரியது, திரை முழுக்க வெளிச்சம்தான், அதில் எங்கே எது என்று பிரித்துச் சொல்ல ஏரிகள்தான் துணை.

12 மார்ச்

ரேடார் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள்.

1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டால், பூட் இருவரும் ஓட வைத்தது. ஒரு செம்புக் கட்டி, நடுவில் ஒரு துளை, சுற்றி அறைகள், இரு பக்கமும் காந்தம். அவ்வளவு சின்னப் பொருளிலிருந்து அந்த அலைநீளத்தில் அவ்வளவு சக்தி அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை.

கப்பலில் ரேடியோ ஆபீசர் மேக்னட்ரான் மாற்றும்போது நான் டார்ச் பிடித்திருக்கிறேன். முதலில் வாட்சைக் கழற்றச் சொன்னார். இரும்பு ஸ்க்ரூடிரைவரைத் தூர வைக்கச் சொன்னார், காந்தத்தில் ஒட்டினால் பாழ் என்றார். பித்தளைக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல வெளியே எடுத்தார். கனமாக இருந்தது. வலுவிழந்த மேக்னட்ரான் திடீரென்று சாகாது. பக்கத்தில் இருப்பதெல்லாம் தெரியும், தூரத்தில் இருப்பவை ஒவ்வொன்றாக மறையும். பழக்கமில்லாதவன் கடல் காலியாக இருக்கிறது என்று நினைப்பான்.

இந்தச் செம்புக் கட்டிதான் சண்டையின் நடுவே பெரிய சண்டையைக் கிளப்பியது. எதிரி நாட்டின் மேல் எடுத்துப் போனால் ஒருநாள் விழும். வெடி வைத்து அழித்துப் பார்த்தார்கள், துண்டுகள் அடையாளம் தெரிகிறபடியே கிடந்தன. ஜெர்மானியர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த, அலையை உண்டாக்கும் வேறு குழாயான கிளைஸ்ட்ரானைப் பயன்படுத்தலாம் என்று ஒரு கட்சி, அதற்குச் சக்தி போதாது என்று இன்னொரு கட்சி. மேக்னட்ரான் கட்சி வென்றது. 1943 பிப்ரவரி 2 இரவு, அதாவது முதல் தாக்குதல் நடந்து மூன்றே நாளில், ஒரு ஸ்டெர்லிங் விமானம் ரோட்டர்டாம் அருகே விழுந்தது. செட் ஜெர்மானியர் கையில். ரோட்டர்டாம் கருவி என்றே பெயர் வைத்தார்கள்.

அதற்கு முன்பே இந்தக் கருவி உயிர் வாங்கியிருந்தது. 1942 ஜூன் 7 அன்று சோதனைக்குப் பறந்த ஹாலிஃபாக்ஸ் வி9977 இங்கிலாந்தின் வெல்ஷ் பிக்னர் அருகே எரிந்து விழுந்து 11 பேரும் இறந்தார்கள். அதில் ஆலன் ப்ளம்லைன், வயது 38. இன்று நாம் ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்கிறோமே, அதற்கு வழி செய்தவர். காரணம், இன்ஜினில் ஒரு டாப்பெட் நட்டு சரியாக இறுக்கப்படவில்லை.

13 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. நான் எழுதிய தொனியில் எச்2எஸ் ஒரு வீண் பெட்டி என்று யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். அது என் எண்ணமில்லை. கரை எங்கே, ஆறு எங்கே, பெரிய ஊர் எங்கே என்று கும்மிருட்டில் தெரிவது நேவிகேட்டருக்குப் பெரிய வரம். வழிகாட்டியாக அது அருமை. குறி பார்க்கும் கண்ணாடியாக அதை நம்பியதுதான் கோளாறு.

கடலில் அதன் கதை வேறு. எச்2எஸ்-இலிருந்தே உருவான 10 சென்டிமீட்டர் கடல் தேடும் ரேடார் 1943 தொடக்கத்தில் கடலோரக் காவல் விமானங்களுக்கு வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகளிடம் இருந்த மெட்டாக்ஸ் என்கிற எச்சரிக்கைக் கருவிக்கு ஒன்றரை மீட்டர் அலை கேட்கும், 10 சென்டிமீட்டர் கேட்காது. இரவில் மேலே வந்து பேட்டரி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேல் விமானம் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். மே மாத முடிவில் ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தன் படகுகளைப் பின்வாங்கினார். ரேடார் ஒன்றால் மட்டும் நடந்ததல்ல, ஆனால் அதன் பங்கு பெரிது. கறுப்புக் கடலில் ஒரே ஒரு எதிரொலி என்றால் ரேடாருக்கு அதைவிடச் சுலபம் வேறில்லை. இந்த செட்டுகள் யாருக்கு முதலில் என்று பாம்பர் கமாண்டும் கடலோரக் கமாண்டும் அடித்துக்கொண்டதில், சரக்குக் கப்பல்காரனான நான் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

15 மார்ச்

"ரேடாரை அணைத்துவிட்டுப் பறக்கலாமே?" என்று ஒரு கேள்வி. மிக நல்ல கேள்வி, அதற்கான விலையை உயிரால் கொடுத்தார்கள்.

எதை அனுப்புகிறாயோ அதை எதிரியும் கேட்பான். ரோட்டர்டாம் செட்டைப் பிரித்துப் பார்த்த ஜெர்மானியர்கள் நாக்சோஸ் என்ற ரிசீவரைச் செய்தார்கள். எச்2எஸ் ஓடும் விமானம் எந்தத் திசையில் என்று இரவுப் போர் விமானத்துக்கு அது சொல்லும், தூரம் சொல்லாது. அதைவிடக் கொடுமை மோனிகா. வாலில் பொருத்திய சின்ன ரேடார். பின்னால் யாராவது வந்தால் எச்சரிக்க வேண்டும் என்பதற்காகவே வைத்தது. அது அனுப்பிய அலையைப் பிடித்துக்கொண்டே பின்னால் வர பிளென்ஸ்புர்க் என்ற கருவியைச் செய்தார்கள். காவலுக்கு வைத்ததே காட்டிக்கொடுத்தது.

இது எப்படித் தெரியவந்தது? 1944 ஜூலை 13 விடியலில் ஒரு ஜெர்மன் ஜங்கர்ஸ் 88 இங்கிலாந்தின் வுட்பிரிட்ஜ் தளத்தில் தானாக வந்து இறங்கியது. அனுபவமில்லாத விமானக் குழு, திசையைத் தப்பாகப் பிடித்து, சொந்த ஊர் என்று நினைத்து இறங்கிவிட்டது. உள்ளே பிளென்ஸ்புர்க். அதையே ஓட்டிச் சோதித்துப் பார்த்து, மோனிகாவைக் கழற்றச் சொன்னார்கள். எச்2எஸ்-ஐயும் தேவையான நேரத்தில் மட்டும் போடச் சொன்னார்கள்.

18 மார்ச்

நம் பக்கம் ஏதாவது நடந்ததா என்று கேட்டவருக்கு: திருகோணமலை சீனக்குடா. 1944 ஆகஸ்ட் 10 அன்று அங்கிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் சுமத்ராவின் பலேம்பாங் எண்ணெய் ஆலைக்குக் கிளம்பின. போக வர 3,800 மைலுக்கு மேல், வழியில் பெரும்பகுதி கடல். மேகத்தின் மேலிருந்து ரேடாரை வைத்துப் பெரும்பாலும் போட்டார்கள், ஆலைக்குச் சேதம் மிகக் குறைவு. சில விமானங்கள் தாழப் பறந்து மூசி ஆற்றில் கண்ணிவெடி போட்டன. பலன் அதில்தான் இருந்தது.

21 மார்ச்

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "அப்படியென்றால் எதுதான் சிறந்தது?" என்கிறார். தூரத்தைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். ரூர் வரை என்றால் ஓபோ. நிறைய விமானங்களை ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும் என்றால் 1944 கடைசியில் பரவலாக வந்த ஜி-எச். அதில் விமானம் கேட்கும், இரண்டு தரை நிலையங்கள் பதில் சொல்லும், சுமார் 80 விமானங்களுக்கு ஒரே நேரத்தில் ஈடுகொடுக்கும். லாங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் பகலில், அடர்ந்த மேகத்தின் மேலிருந்து அதை வைத்துப் போட்டன. அதற்கும் அப்பால் என்றால் எச்2எஸ், கூடவே கீழே தண்ணீர் இருக்க வேண்டும், நீர்மட்டம் என்னவென்று ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வருவதற்கு கீ. அந்தப் 'பழைய ஏற்பாடு' பிரிட்டனில் 1970 வரை ஓடியது.